பெயர் சொல்லாத ஆராய்ச்சி

என் மனைவி பிரிசில்லா படூர்ப் பக்கம் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் பேராசிரியை. என்ன பாடம் என்று யாராவது கேட்டால் நான் "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிடுவேன். அவளுக்குக் கோபம் வரும். "தகவல் அமைப்பு" என்று திருத்துவாள். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் இத்தனை வருஷம் சாப்பிடும்போதெல்லாம் கேட்டதில் எனக்கும் கொஞ்சம் மண்டையில் ஏறியிருக்கிறது. கம்பெனிக்காரன் ஒரு மென்பொருளை வாங்கி வைக்கிறான். அதில் வேலை செய்கிறவர்கள் அவன் நினைத்தபடி இல்லாமல் தங்களுக்குத் தோதாக அதை எப்படி வளைத்துக்கொள்கிறார்கள்? இதைத்தான் அவள் ஆராய்கிறாள். வகுப்பில் நடத்துவதும் இதைத்தான்.

அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அக்கா ரெஜினா பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, வேலைக்குப் போய்த்தான் இவளைப் படிக்க வைத்தாள். அந்த நன்றி பிரிசில்லாவுக்கு எப்போதும் உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்பது என் கருத்து.

ரெஜினாவுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஸ்கேனர் உண்டு. சில நிமிஷம் பெட்டி எதுவும் ஸ்கேன் ஆகாவிட்டால் சூப்பர்வைசர் திரையில் அவள் பெயர் சிவப்பாகிவிடும். அடிக்கடி சிவந்தால் வேலை போய்விடும். கழிவறையோ கிடங்கின் அந்தக் கோடியில். அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருத்தி எழுந்து போகும்போது ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்வரை அவள் இரண்டு பேர் பெட்டியையும் ஸ்கேன் செய்வாள். இதற்கு அவர்கள் கைமாத்து என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ரெஜினா ஒரு நாள் பேச்சோடு பேச்சாக இதைத் தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள். பிரிசில்லா வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் கல்லூரியில் அனுமதி வாங்கினாள். யார் என்ன சொன்னார்கள் என்பதை எந்நாளும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டாள். பிறகு அந்தப் பெண்களின் வீடுகளுக்குப் போனாள். சம்பளம், வேன், முதுகுவலி எல்லாம் பேசினார்கள். கைமாத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லம்மாள் என்கிற பெண்ணின் வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். அவள் மோர் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டாள். ஆக, சொன்னது ரெஜினா ஒருத்திதான்.

கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அதில் கம்பெனி பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. கைமாத்து மட்டும் அப்படியே இருந்தது. கருத்தரங்கில் அவள் அதை வாசித்தபோது, அந்த ஸ்கேனருக்கு மென்பொருள் விற்றவர்களின் ஆள் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறார். பெயரை மறைத்துவிட்டால் ஆளையே மறைத்துவிட்டதாக நினைப்பது படித்தவர்கள் மட்டுமே செய்கிற தப்பு.

அடுத்த மாதம் கிடங்குக்குப் புது ஸ்கேனர் வந்தது. அவரவர் கட்டைவிரல் பட்டால்தான் அது வேலை செய்யும். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள்.

எங்களுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினா வீட்டுச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது.

"ஒண்ணுக்குப் போனா எரியுது. டாக்டரு தண்ணி குடின்றாரு, எங்க குடிக்கிறது?" என்றாள் ரெஜினா. "எல்லாம் அந்த எல்லம்மா பண்ண வேல. மேனேஜர் ரூமுக்குப் போய்ட்டு வந்தா, அடுத்த வாரமே புது மெஷினு வந்துச்சு. போட்டுக் குடுத்துட்டா. இப்ப யாரும் அவகூட பேசறதில்ல. வேன்ல கூட தனியாத்தான் ஒக்காந்துகினு வரா."

எல்லம்மாள் போனது மகளின் பிரசவத்துக்கு லீவு கேட்க. அதை அவள் சொல்லியும் யாரும் நம்பவில்லையாம்.

பிரிசில்லா சாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அக்கா, அது நான். என் கட்டுரையிலதான் வெளிய போச்சு" என்றாள்.

ரெஜினாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் கத்தவில்லை. "உனுக்கு சொன்னது நானுன்னு தெரிஞ்சா, அந்த வேன்ல நான் எப்பிடிடீ ஏறுவேன்? உன்னப் படிக்க வெச்சதுக்கு இதுவா? வாய மூடிக்கினு சாப்புடு."

அதற்குப் பிறகு பிரிசில்லாவுக்குச் சோறு இறங்கவில்லை, பாடம் நடத்த முடியவில்லை. எல்லம்மாள் பெயரை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்பதே பேச்சு. ரெஜினா வீட்டு முற்றத்தில் கிடங்குப் பெண்களின் மகளிர் குழு கூடுகிற நாளில் என்னை அழைத்துக்கொண்டு போனாள். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, எல்லம்மாள் வாசல் கேட் ஓரமாகத் தனியாக இருந்தாள். பிரிசில்லா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தன் கட்டுரை, கருத்தரங்கு, கைதட்டிய ஆள். "எல்லம்மா மேல எந்தத் தப்பும் இல்ல" என்று முடித்தாள்.

வரலட்சுமி என்பவள் கேட்டாள், "சரிம்மா. உனுக்கு யாரு சொன்னா? உங்க அக்காவா?"

ரெஜினா டீத் தம்ளர்களோடு அப்போதுதான் வெளியே வந்தாள். "நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? எல்லம்மா வூட்டுக்குத்தான் இவ ரெண்டு வாட்டி போனா. அவளயே கேளு" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். எல்லம்மாள் எழுந்து நின்றாள். "டீச்சரம்மா, அந்த ஸ்கேனரப் பத்தி நான் உன்கிட்ட ஒரு வார்த்த சொன்னனா? நீயே சொல்லு."

இல்லை என்று ஒரு சொல் போதும். என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொல்ல வேண்டியவள் அவள். பிரிசில்லா அக்காவைப் பார்த்தாள். ரெஜினா தம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னாங்க, யார் சொல்லலன்னு நான் சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள் என் மனைவி.

"அப்ப சரி" என்றாள் வரலட்சுமி. எல்லம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து போனாள். அந்த மாதமே வேலையை விட்டாள்.

அன்று காப்பாற்றியது கையெழுத்தையா அக்காவையா என்று நான் இதுவரை அவளைக் கேட்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினாள். கட்டுரையில் பிழை எதுவும் இல்லாததால் திரும்பப் பெற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. கல்லூரியில் பதவி உயர்வும் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாழ்த்துக் கேக்கை நான் தொடவில்லை. அவளும் தொடவில்லை.

போன மாதம் கல்லூரி ஆசிரியர்களுக்கு மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் மத்தியானமே பிரிசில்லா வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டேன். அறையைப் பெருக்க வந்தது எல்லம்மாள் என்றாள்.

பிரிசில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். எல்லம்மாள் கையை உருவிக்கொள்ளவில்லையாம், திட்டவும் இல்லையாம். அறைக்கு வெளியே நடையில் வேலை செய்துகொண்டிருந்த மற்ற பெண்களை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கெஞ்சியிருக்கிறாள்.

"இவுங்க என்கூட நல்லாப் பேசறாங்க டீச்சரம்மா. இங்க எதுவும் எழுதிடாத."