செம்பாக்கத்தில் பன்னிரண்டரை மணிச் சாப்பாடு

நான் மலாயாவில் பிறந்தவன். அறுபதுகளின் கடைசியில் ஊழியத்துக்காகத் தாம்பரத்துக்கு அனுப்பப்பட்டபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தமிழ் பேசுகிற ஊருக்குப் போகிறவன் எப்படி வெளிநாட்டு மிஷனரி ஆவான் என்று கப்பலில் ஒருவர் கேட்டார். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். வந்திறங்கிய பிறகு அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போனது. மேற்குத் தாம்பரத்தில் வாய் திறந்த மறுநிமிடமே, "நீங்க இந்த ஊர் இல்லியே, தம்பி?" என்றார்கள்.

எங்கள் சபையின் வழக்கப்படி ஊழியத்துக்கு இருவர் இருவராகத்தான் போக வேண்டும். என் கூட்டாளி யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். காலை நாலே முக்காலுக்கு எழுவோம். ஐந்து மணிக்கு ஜெபம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை சைக்கிளில் வீடு வீடாகச் சந்திப்பு. கேட் திறந்த பிறகுதான் உள்ளே போவது, நாய் இருந்தால் அவர் முன்னால், நான் பின்னால். மாலையில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில், மின்சார ரயிலிலிருந்து இறங்கும் அலுவலகக்காரர்களிடம் சுவிசேஷத் துண்டுப்பிரதி கொடுப்போம். பெரும்பாலானோர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். பஸ் ஏறும்போது விசிறியாகப் பயன்பட்டதையும் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. விசிறும்போது எழுத்து கண்ணில் படாமலா போகும்?

என் பங்குக்கு நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். பக்கத்துக்கு நான்கு பத்தி: வீடு, நேரம், பேசியது, ஜெபக் குறிப்பு. கடைசிப் பத்திதான் முக்கியம். சந்தித்தவர்கள் எதற்காக ஜெபிக்கச் சொன்னார்களோ அதை அதில் எழுதி, சனிக்கிழமை மாலை கிழக்குத் தாம்பரத்தில் நடக்கும் ஜெபக் கூட்டத்தில் வாசிப்பேன். முப்பது பேர் முழங்கால் போட்டு அதற்காக ஜெபிப்பார்கள். 'விவரமாக ஜெபியுங்கள்' என்று மலாயாவில் எங்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அங்கே கூட்டத்துக்கு வருகிறவர்கள் வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வருவார்கள். ஒருவர் வீட்டு விஷயம் இன்னொருவருக்கு வெறும் ஜெபக் குறிப்புதான். நானும் விவரமாகவே எழுதினேன், விவரமாகவே வாசித்தேன்.

செம்பாக்கத்தில் ஏரிக்குப் போகும் தெருவில் ஒரு பள்ளி ஆசிரியை, பின்கட்டுப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். கணவர் நகரத்தில் குமாஸ்தா. காசநோய் கண்டு பத்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தார். சளியில் கிருமி இல்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இன்னும் மூன்று வாரத்தில் ஒரு எக்ஸ்ரே, அதில் சுத்தமாக இருந்தால் வேலைக்குப் போகலாம். "அந்த எக்ஸ்ரேக்காக ஜெபம் பண்ணுங்க, பிரதர்" என்றார் ஆசிரியை. எழுதிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அதை வாசித்தேன். தெரு, பின்கட்டு, குமாஸ்தா, காசநோய், எக்ஸ்ரே, ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் வரிசையில் முக்காடு போட்டிருந்த ஒரு அம்மாள் தலையை நிமிர்த்தினார். அவர்தான் அந்த வீட்டுக்காரம்மா. பக்கவாட்டுக் கேட் வழியாகவே போய் வந்த எனக்கு, அந்த வீட்டின் முன்கட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது.

திங்கட்கிழமை போனபோது ஆசிரியை என்னை உட்காரச் சொல்லவில்லை.

"பிரதர், நான் உங்ககிட்ட சொன்னேன். ஆண்டவர்கிட்ட சொல்லச் சொன்னேன். தெருவுக்குச் சொல்லச் சொன்னேனா?"

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவாகியிருந்தது. கிணற்றில் இரண்டாவதாக ஒரு வாளி தொங்கியது, அவர்களுக்கென்று தனியாக. நோய் விஷயம் தெரிந்த பிறகு அந்தத் தெருவில் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்திலேயே வீடு கிடைக்காது. வெளியே வந்ததும் கூட்டாளி என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டிச் சொன்னார்: "உம்மட வாயில குறையில்லை. உம்மட கொப்பிக்குத்தான் பூட்டு இல்லை."

நேராக முன்கட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, திருத்த முடியும் என்று நம்பினேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே திருத்தக்கூடியதாகத் தெரிந்தது.

"அம்மா, அவருக்குக் குணமாயிடுச்சு. ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க."

"நீ இன்னா டாக்டரா?"

"இல்லம்மா."

"பின்ன? வூட்ல நாலு புள்ளைங்க கீது எனக்கு. ஒரே கெணறு. நீ நோட்டப் பாத்துப் படிச்சிட்டுப் பூடுவ." பிறகு கேட்டார்: "அவ்ளோ நம்பிக்கை இருந்தா நீ அந்த வூட்ல துன்னுவியா?"

"சாப்பிடுவேன்."

"ஒரு நாளு எவன் வோணாலும் துன்னுவான்."

"தினமும் சாப்பிடறேன்."

அன்றிலிருந்து என் மத்தியானச் சாப்பாட்டை மெஸ்ஸிலிருந்து அங்கே மாற்றினேன். என் பங்கு அரிசியும் காய்கறியும் பையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு இருபதுக்குக் கேட், பன்னிரண்டரைக்கு இலை. கூட்டாளி கேட் வரை வந்துவிட்டு மெஸ்ஸுக்குப் போவார். முருங்கை மரத்தடியில், முன்கட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேரே உட்காருவேன். ஆசிரியை பள்ளியிலிருந்து ஓடி வந்து சமைத்ததை எடுத்து வைப்பார். பரிமாறுவது அவர் கணவர். அதுவும் நான் கேட்டுக்கொண்டதுதான். முதல் மூன்று நாள் ஆசிரியை என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கணவர் சிரித்தார்.

"தம்பி வர ஆரம்பிச்சதிலேர்ந்து எனக்கு ரசம் பத்த மாட்டேங்குது."

"கேட்டு வாங்கிச் சாப்பிடறதுக்கு என்ன?" என்றார் ஆசிரியை. பிறகு எனக்கும் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

ஜன்னலிலிருந்து குரல் வரும்: "சங்கு ஊதற மாதிரி வந்து நிக்கிறாம்பா, பன்னெண்டரைக்கு!"

ஒன்பதாம் நாள் மழையில் நனைந்தேன். பத்தாம் நாள், ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்து இருமினேன். ஒரு முறை, இரண்டு முறை. அடக்கப் பார்த்ததில் மூன்றாவது பெரிதாக வந்துவிட்டது.

வீட்டுக்காரம்மா ஜன்னலை விட்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். "பாத்தியா! நான் சொல்லல? புட்ச்சிக்கிச்சு! இப்ப ரெண்டு பேராச்சு!"

இலைக்கு முன்னால் கணவர் குழம்புக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், அந்த ஒரே ஒரு முறை, எனக்குப் பயம் வந்தது. எனக்கு நோய் வந்துவிடும் என்றல்ல. தன்னால்தான் வந்தது என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டார் என்று.

"ஜலதோஷம்மா," என்றேன். "வேணும்னா அவரோட நானும் எக்ஸ்ரே எடுத்துக்கறேன். ரெண்டு படத்தையும் கொண்டாந்து உங்க கையிலேயே தரேன்."

"தா, பாக்கலாம்."

குறித்த நாளில் இருவரும் சேர்ந்தே வரிசையில் நின்றோம். அதுவரையிலும் மத்தியானச் சாப்பாட்டை ஒரு நாளும் நிறுத்தவில்லை. இருமல் மூன்றே நாளில் போய்விட்டது. ஆனால் ஜன்னல் அதை நம்பவில்லை. டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்தார். குமாஸ்தாவிடம், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம் என்றார். என்னிடம், ஏன் வந்தாய் என்று கேட்டார்.

வீட்டுக்காரம்மா இரண்டு படங்களையும் வெயிலில் மாற்றி மாற்றித் தூக்கிப் பிடித்தார்.

"ஒண்ணுந் தெரியலியே."

"ஒண்ணும் தெரியாம இருந்தாத்தாம்மா நல்லது."

"எது அவன்து, எது உன்து?"

சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் நீட்டினேன். அதைத் தன் மகளிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசியில் என் படத்தைத் தட்டினார். "உன்துல வெறும் எலும்புதான் கீது. அந்த டீச்சரு உனக்கு இன்னாதான் போட்டா?"

மறுநாள் கிணற்றில் ஒரே வாளிதான் தொங்கியது. காலி செய்யச் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. அதைப் பற்றி அதன் பிறகு பேசவேயில்லை, அவ்வளவுதான். மாதக் கடைசி வந்து போனது. ஆசிரியையின் குடும்பம் அதே வீட்டில் இருந்தது.

நான் நோட்டுப் புத்தகத்தின் நான்காவது பத்தியை விட்டுவிடவில்லை. சனிக்கிழமைகளில் 'ஒரு வீடு, ஒரு சுகவீனம்' என்று மட்டும் வாசித்தேன். முப்பது பேரும் முன்பு போலவே முழங்கால் போட்டார்கள். விவரம் குறைந்ததால் ஜெபம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து, பக்கவாட்டுக் கேட்டில் சைக்கிளை நிறுத்தும்போது வீட்டுக்காரம்மா கூப்பிட்டார். முதல் தடவையாக முன்கட்டுக்குள் வரச் சொல்லி, காபி கொடுத்தார். அவருக்கும் ஒரு ஜெபக் குறிப்பு இருந்தது. பழக்கத்தில் என் கை பைக்குள் போனது.

"அத்த எடுக்காத," என்றார். "எழுதாம ஞாபகத்துல வெச்சிக்கோ."

நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டேன். கேட்டில் காத்திருந்த கூட்டாளி, அறைக்குத் திரும்பும் வழியில், "என்னவாம் அந்த அம்மாவுக்கு?" என்றார். காபி நன்றாக இருந்தது என்றேன்.

அந்த வருடங்களின் நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் என்னிடம் ஒழுங்காக இருக்கின்றன. அந்த நாளுக்கான பக்கத்தில் நேரம் இருக்கிறது, வீடு இருக்கிறது, காபி இருக்கிறது. நான்காவது பத்தி வெறுமையாக இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் ஞாபகத்தில் இருக்கிறது.