செவலையைக் கறக்கக் கூலி

பொள்ளாச்சித் துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை கிடைத்தபோது என் கணவர் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சொசைட்டிக்கு ஊத்தற பாலு கொறையக்கூடாது புள்ள. கொறஞ்சா வேலைய உட்டுரோணும்."

கல்யாணமாகி எருத்தேன்பதிக்கு வந்த மறுநாளிலிருந்து இந்த வீட்டு மாடுகளைக் கறப்பவள் நான். சொசைட்டியில் பெயர் அவருடையது, காசும் அவர் கணக்கில்தான் ஏறும். கறக்கும் நேரமும் பஸ் நேரமும் ஒன்றாகிவிட்டதால், இனிமேல் கறக்க ஒரு ஆள், மாதச் சம்பளத்துக்கு. "நீ சும்மா செஞ்சுட்டிருந்ததுக்குக் காசு குடுத்து ஆளு வெக்கறம்" என்று அவர் சொன்னபோது அந்தச் 'சும்மா' எனக்குச் சுருக்கென்றது. காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கறவைக்காரருக்குக் கருப்பு மாடு அடங்கிக் கறந்தது. செவலை மாடு பாலை எக்கிக்கொண்டது. மடி கனத்துக் கிடக்கும், காம்பில் கை வைத்தால் சொட்டாது. என் கை மட்டுமே பழகிய மாடு. இப்படிப்பட்ட மாட்டுக்கு வழக்கமாகக் கறப்பவளின் துணியைக் கட்டிக்கொண்டு உட்காருவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். என் நைட்டி ஒன்றை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"அழுக்குத் துணியையா அடுத்த ஆளுகிட்டக் குடுப்ப? தொவச்சுக் குடு" என்றார் கணவர்.

எனக்கும் அதுதான் முறை என்று பட்டது. சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, மடித்துக் கொடுத்தேன். கறவைக்காரர் கூச்சப்படாமல் மாட்டிக்கொண்டார். செவலை உதைத்தது.

நாளுக்கு நாள் பால் குறைந்தது. கணவர் திட்டவில்லை. காலி கேனை என் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாசக் கடைசியில் நின்றுவிடுகிறேன் என்று கடை முதலாளியிடம் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்தபடி ஒரு காலை பஸ்ஸில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் சேலையில் சோப்பு வாசம் அடித்தது. அந்த நொடியில் புரிந்தது. செவலை தேடியது துணியை அல்ல, சாணமும் தவிடும் என் வியர்வையும் ஊறிய வாசத்தை. அதைத்தான் நான் கசக்கிப் பிழிந்து சாக்கடையில் விட்டிருந்தேன்.

மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது துவைக்காத நைட்டியைக் கொடுத்தேன். செவலை ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுப் பாலை இறக்கியது. வேலை தப்பியது என்று நான் மூச்சு விட்டேன்.

அடுத்த வாரமே கறவைக்காரர் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கணவர் தொழுவத்து வாசலை மறித்து நின்றார்.

"இன்னிக்கி ஒரு நாளைக்கு லீவு போடு புள்ள."

"சேந்து ஒரு மாசங்கூட ஆகலீங்க. இப்ப லீவு போட்டா வேலைக்கே வர வேண்டாம்பாங்க."

"அப்பறம் ஆரு கறக்கறது?"

நான் நைட்டியை அவர் கையில் திணித்தேன். மாட்டுக்காரர் வீட்டில் பிறந்தவர், கறக்கத் தெரியாதவரில்லை. ரோட்டையும் பக்கத்து வீட்டையும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பஸ் கொழிஞ்சாம்பாறை தாண்டியபின் போன் வந்தது.

"கறந்து ஊத்தியாச்சு" என்றார். குரலில் மூச்சு வாங்கியது. "கையே தூக்க முடியல. முதுகு உட்டுப்போச்சு. அந்த மனுசனுக்கு நாம குடுக்கற சம்பளம் பத்தாது புள்ள. சேத்திக் குடுக்கோணும்."

"குடுங்க" என்றேன். "எனக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

பஸ் இரைச்சலில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் கேட்டேன்.