மடைக்குக் கீழே நின்ற தண்ணீர்

சும்மா தருகிறேன் என்று வருகிறவனை நான் நம்புவதில்லை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் கண்மாய்க்கு வந்த காளவாசல்காரரால் உறுதிப்பட்ட புத்தி இது. அவருக்கு மேலூர்ப் பக்கம் செங்கல் சூளை.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை மண்ணை வெட்டி வயலுக்கு உரமாக அடிப்போம். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மடையைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டி, மடையின் அடிமட்டத்துக்கு நேராக ஒரு முளை அடிப்பார். அதற்குக் கீழே எவனும் தோண்டக்கூடாது. தோண்டினால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் மடைக்கு ஏறாது, வயலுக்கு வராது.

அப்போது மதுரையில் காலனி காலனியாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எவ்வளவு செங்கல் அறுத்தாலும் போதவில்லை. காளவாசல்காரர் லாரியோடு வந்தார்.

"கம்மாயத் தூர்வாரித் தாரேன். ஒங்களுக்கு ஒரு செலவுமில்ல. மண்ண மட்டும் எடுத்துக்கிறேன்" என்றார். கோயில் மதிலுக்கென்று ஒரு லோடு செங்கலையும் இறக்கினார். ஊர் வாயை மூடிக்கொண்டது.

எனக்கு உறுத்தியது. நீர்க்கட்டி எனக்கு மாமன் முறை. போய்க் கேட்டேன்.

"மாமா, முளை அடிக்கலையா?"

"ஏ மாப்ள, சாமிக்கு மதிலு கட்டிக் குடுக்குற மனுசன்ட்ட கட்டையும் கையுமா போயி நிக்கச் சொல்றியா?"

"அந்தச் செங்கலு மதிலுக்கு இல்ல, ஒங்க வாய அடைக்க."

"ஒனக்கு எதுலதான் சந்தேகமில்ல? ஒன் நெழலு பின்னால வந்தாலும் யார்ரா அதுன்னு கேப்ப."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் வீட்டுக்குப் போய்விட்டேன். முளையை நானே அடித்திருக்கலாம். எங்களுக்குள் ஒருவனை ஒருவன் நம்பமாட்டோம், அதனால்தான் முளை. வெளியூர்க்காரர் முன்னால் அதை அடிப்பது மரியாதை இல்லையாம்.

லாரிகள் மடைக்கு முன்னாலேயே தோண்டின. நல்ல வண்டல் அங்கேதான் கிடந்தது.

ஐப்பசியில் கண்மாய் நிரம்பியது. நடவு முடிந்தது. எங்கள் வீட்டு வருசச் சோறு ஒன்றரை ஏக்கரில் நின்றது. கதிர் வெளிவராமல் பொதியில் இருக்கும்போது மடையில் தண்ணீர் நின்றுபோனது. கரையேறிப் பார்த்தால் பள்ளத்தில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர்! மடை அதற்கு மேலே காய்ந்து கிடந்தது.

நான்கே நாளில் காளவாசல்காரர் டீசல் இன்ஜினோடு வந்தார்.

"தண்ணிதான் கெடக்குல்ல அண்ணே, எறச்சுக்கிருங்க. வாடகைய அறுப்புல நெல்லா குடுங்க, போதும்."

திட்டம் போட்டுத்தான் தோண்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் சட்டையைப் பிடிக்கப் போன நான், அவரிடம் இன்ஜினைக் கேட்டேன். அதுவும் முதல் ஆளாக.

மாமா பின்னாலேயே வந்தார். அவர் வயல் கடைமடையில் இருந்தது.

"மாப்ள, ஆளுக்குப் பாதி எறைப்போம்டா."

"எனக்குப் பத்தட்டும், பெறகு பாப்போம்."

மூன்றாம் நாள் பள்ளத்தில் சேறுதான் மிஞ்சியது. என் நெல் பிழைத்தது. அவர் பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்.

அறுப்பன்று களத்தில் மடை பார்த்த கூலியாக நீர்க்கட்டிக்கு உரிய நெல்லை எப்போதும் போலத் தனியாகக் குவித்துவைத்தேன். பொழுது சாயும்வரை மாமா வரவில்லை. காளவாசல்காரரின் ஆள் சாக்கோடு வந்தான். வாடகைக்கு அளந்தது போதாது என்று அந்தக் குவியலைக் காட்டினான். அள்ளிக்கொள் என்றேன்.