மீசையை முறுக்கினால் முதலாளி

சங்கரன்கோவில் விசைத்தறிக் கொட்டகை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்த அன்று நான் முதலில் படித்தது கைப்பேச்சு. தறிகள் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கைகளை விரித்துக் காட்டினால் அகலம். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், ஒழுங்காக நில். இந்தக் கடைசிச் சைகை மட்டும் முதலாளிக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. உள்ளூர் வியாபாரம் படுத்துவிட்டது. பாதித் தறியை விற்றுவிடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். கடைசியாகச் சேர்ந்த கோமதிக்குத்தான் முதலில் வேலை போகும். அவள் புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸ் ஏஜென்ட் ஒரே காரில் இரண்டு துரைகளைக் கூட்டிவந்தார். ஒருவர் இங்கிலீஷ்காரர், மற்றவர் பிரெஞ்சுக்காரர். இருவருக்குமே கட்டம் போட்ட துணி வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் சின்ன ஆர்டர். இருவரும் ஒரே கட்டத்துக்குச் சம்மதித்தால்தான் தறியில் நீளவாக்கில் ஏற்றும் ஒரே பாவு நூலில் ஓட்டி எங்களால் கட்டுப்படியாக்க முடியும்.

ஏஜென்டுக்கு இங்கிலீஷ் தெரியும். பிரெஞ்சு பேச வரவேண்டியவர் மதுரையிலேயே வாந்தியெடுத்துப் படுத்துவிட்டாராம். ஆபீஸ் அறையில் இங்கிலீஷ்காரர் சத்தமாகப் பேசினார். பிரெஞ்சுக்காரருக்குப் புரியவில்லை. இங்கிலீஷ்காரர் இன்னும் சத்தமாகப் பேசினார். பிரெஞ்சுக்காரர் முகம் சிவந்து, கிளம்பத் தொப்பியை எடுத்துவிட்டார்.

"ஏலே சம்முவம், காரியம் கெட்டுச்சு! ரெண்டு பேரையும் தறிப்பக்கம் கூட்டிட்டுப் போ. துணியப் பாத்தாவது மனசு எறங்கட்டும்" என்றார் முதலாளி என்னிடம்.

உள்ளே போனதும் தறிச்சத்தத்தில் இரண்டு துரைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். கோமதி தன் தறியில் இருந்த துணியைக் காட்டினாள். பிரெஞ்சுக்காரர் கட்டம் பெரிதாக வேண்டும் என்று விரல்களை அகட்டினார். இங்கிலீஷ்காரர் தலையை ஆட்டி அந்த விரல்களைப் பிடித்து நெருக்கினார். கோமதி நடுவாக ஓர் அளவு காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அப்போது முதலாளி உள்ளே வர, அவள் பழக்கத்தில் மீசையை முறுக்கினாள். பிரெஞ்சுக்காரர் வாசலைத் திரும்பிப் பார்த்து, அது முதலாளியைக் குறிக்கும் சைகை என்று புரிந்துகொண்டார். கெட்டிக்காரர்!

அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

தறிகள் நின்று கொட்டகையில் மயான அமைதி. இங்கிலீஷ்காரர் பழையபடி இங்கிலீஷில் ஆரம்பித்தார். பிரெஞ்சுக்காரர் முகம் தொங்கிவிட்டது.

"அய்யோ, பேசாதீக துரை! கையக் காட்டுங்க!" என்று கோமதி வாயில் விரலை வைத்துக் கத்தினாள்.

இங்கிலீஷ்காரர் சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இருவரும் அந்த அமைதியிலும் விரலை விரித்து, நெருக்கி, சண்டை போட்டு, கோமதி காட்டிய நடு அளவிலேயே வந்து நின்று கைகுலுக்கினார்கள்.

அதோடு விட்டாரா? பிரெஞ்சுக்காரர் முதலாளி பக்கம் திரும்பி மீசையை முறுக்கி, 'நீர் என்ன சொல்லுகிறீர்' என்பதுபோல் கையை விரித்தார்.

"ஏலே, இவரு எதுக்கு மீசைய முறுக்குதாரு?" என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

கோமதி என்னைப் பார்த்தாள்.

"அவுக ஊர்ல அதான் மரியாத, அண்ணாச்சி" என்றேன்.

முதலாளி நிமிர்ந்து நின்று இரண்டு கையாலும் மீசையை முறுக்கிப் பதில் மரியாதை செய்தார். இங்கிலீஷ்காரரும் இல்லாத மீசையை முறுக்கினார். நாங்கள் தறிக்குப் பின்னால் குனிந்து சிரித்தோம்.

ஆர்டர் கிடைத்தது, முதலாளி தறிகளை விற்கவில்லை. கோமதி அங்கேயே பல வருஷம் நெய்தாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எதிராளிக்குப் பாஷை புரியவில்லை என்றால் குரலை உயர்த்தாதீர்கள், கையில் துணியைக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு எந்த வெளியூர் வியாபாரி வந்தாலும் முதலாளி மீசையை முறுக்கித்தான் வரவேற்பார். கடைசிவரை எங்களில் ஒருவரும் அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.