நைனா குறித்துக்கொள்ள மறந்த கட்டு எண்

எங்கள் நைனா காலமாகி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் தள்ளிவிட்டான். எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்றார்கள். வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நைனா அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் காலனியில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு இரண்டாவது மகனாகப் பிறந்தார். விடுதியில் தங்கிப் படித்து, செஞ்சியில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எங்களுக்கு அதுவே போதும்.

அவர் ஓய்வு பெற்ற ஆண்டு மழைக்காலத்தில் பெரியப்பா இறந்தார். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஒருவர் தன் நிலத்தோடு சேர்த்து முள்வேலி போட்டு வெகுநாளாகியிருந்தது. ஏரிக்கரையைச் சுற்றி, நடவு முடிந்த சேற்றில் இறங்கிப் பாடையைத் தூக்கிப் போனார்கள். ஒருவருக்குக் கால் வழுக்க, பெரியப்பா சேற்றில் விழுந்தார். நைனா தன் வேட்டியால் அண்ணன் முகத்தைத் துடைத்தாராம்.

வீட்டுக்கு வந்ததும், "செஞ்சிக் கோட்டைக்கு எந்தப் பக்கம் வாசல்னு எழுதி வெச்சிருக்கானுங்க. நம்ப பாதைய மட்டும் எழுதாமயா வுட்டிருப்பானுங்க?" என்றார்.

பிறகு சென்னையில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறத் தொடங்கினார். அங்கே பேனா கூடாது, பென்சில்தான். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பழைய ஆவணக் கட்டு வரும். பல மாதம் கழித்து, நில அளவைப் பதிவேடு ஒன்றில் எங்கள் பாதை கிடைத்தது. நான்கு எல்லையோடு, பொதுப் பாதை என்று எழுதியிருந்தது. ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதினார். பூச்சி அரித்த இடங்களைக்கூட அதே அளவுக்கு வெற்றிடமாக விட்டிருந்தார்.

எல்லாம் எழுதியவர் கட்டு எண்ணை மட்டும் எழுதவில்லை. கையால் எழுதியது செல்லாது, முத்திரை போட்ட நகல் வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் சொன்னார்கள். நகல் கேட்க எண் வேண்டும்.

"சீட்டுலதான் நம்பரு இருக்குதேன்னு இருந்துட்டம்மா. கட்டோட சீட்டையும் வாங்கிக்கினாங்க" என்றார்.

"இத்தினி வருசம் லேப்ல பாட்டிலுக்கு லேபிள் ஒட்னவருக்கு இதுகூடவா தோணல?" என்று திட்டினேன். கண்ணாடியைத் துடைத்தார். அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

இரண்டு ஆண்டுகள் மறுபடி தேடினார். எல்லாம் ஒரே மாதிரியான கட்டுகள். கடைசியில் பூச்சிதான் கைகொடுத்தது. அவர் விட்டிருந்த வெற்றிடங்களும் ஒரு தாளின் ஓட்டைகளும் வரிக்கு வரி ஒத்துப்போயின.

முத்திரை போட்ட நகலை வாங்கி மனுவோடு கொடுத்தார். பாதையைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அவர் இதய நோயால் மருத்துவமனையில் படுத்திருந்தார்.

"ஆர்டர் வந்துட்சி நைனா."

"கட்டு நம்பரு போட்டிருக்குதா, பாரு."

போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். தலையசைத்தார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

ஊருக்குக் கொண்டுவந்தோம். வேலி அப்படியே இருந்தது. தம்பி உத்தரவோடு பாடைக்கு முன்னால் நடந்தான். வேலி போட்டவர் தாளைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார். தானே முள்ளை இழுத்துப் போட்டார். எங்கள் பக்கம் பெண்கள் அதற்கு மேல் போகும் வழக்கமில்லை. நான் அங்கேயே நின்றேன். சேறு இல்லை. நைனா நேராகப் போனார். முள் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோள் கொடுத்த காலனி மக்களுக்கும், மருத்துவமனையில் துணையிருந்த அத்தை குடும்பத்துக்கும், சலிக்காமல் கட்டுகளை எடுத்துக் கொடுத்த, நாங்கள் முகம் பார்த்திராத காப்பக ஊழியருக்கும், முள்ளை எடுத்தவருக்கும் எங்கள் நன்றி.

நாளை யாராவது மறுபடி வேலி போடலாம். அதனால் கட்டு எண்ணைப் பின்னட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கிறோம். ஒருநாள் அம்மாவும் நானும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். இந்த மலரைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.