அக்கா வீட்டுக் கம்பியில் தொங்கிய துணி

புது வேட்டியை நான் துவைக்காமல் கட்டுவதில்லை. தீபாவளிக்கு வாங்கினாலும் சரி, கல்யாணத்துக்கு வாங்கினாலும் சரி, ஒரு தடவை தண்ணீரில் போட்டு அலசி, அந்தக் கடை வாசனை போன பிறகுதான் உடம்பில் படவிடுவேன். ஓரத்தில் மஞ்சள் தடவினால் போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். எனக்குப் போதாது. காரணத்தைச் சொன்னால், நல்ல நாளும் அதுவுமாக ஏன் இந்தப் பேச்சு என்று முகம் சுளிப்பார்கள். அதனால் இத்தனை வருடம் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் தீவில், டத்தோ கிராமாட்டில், அம்மாவோடு இருந்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் நீளம். அந்த வாயை எங்காவது உருப்படியாகச் செலவு செய்யலாமே என்றுதான் புகையை எதிர்க்கும் ஒரு சின்னக் குழுவில் போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர், ஜெலுத்தோங்கில் தையல் கடை வைத்திருந்த சீனத்து அக்கா ஒருவர், நான், அப்புறம் மழை இல்லாவிட்டால் வருகிற நாலைந்து பேர். இவ்வளவுதான் குழு. தையல் கடையின் மாடியில் கூடுவோம். குப்பை எரிகிற நாற்றம் அங்கே ஜன்னல் வழியாக வரும். சீனத்து அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியைப் போட்டு, பேசுங்கள் என்பார்.

எங்கள் சண்டை கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலையோடு. அதன் பாய்லரில் மலிவான கறுப்பு எண்ணெயை எரித்தார்கள். புகைபோக்கிக்கு வடிகட்டி போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை விட்டு எரிவாயுவுக்கு மாறுங்கள். இதைத்தான் கேட்டோம். நிலாவைக் கேட்டதுபோல் பார்த்தார்கள்.

அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் தாமான் என்கிற குடியிருப்பு ஒன்று இருந்தது. வரிசை வீடுகள், முன்னால் துணி காயப் போட ஒரு முழ இடம். அதில் ஒன்றில்தான் என் அக்கா இருந்தாள். அக்காவும் அத்தானும் மட்டும், பிள்ளைகள் இல்லை. மோர் மிளகாயை வெளியே காய வைத்தால் கரி பூசிக்கொள்ளும் என்று அக்கா அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்து உலர்த்துவாள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கை. அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் அவள் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

அத்தானுக்கு வேலை அதே தொழிற்சாலையில், அதே பாய்லர் அறையில். நான் எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த புகையை மூட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். இதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வந்துட்டாருய்யா புகை மந்திரி! ஏய், மந்திரிக்குத் தேத்தண்ணி போடு," என்று உள்ளே குரல் கொடுப்பார். சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். அந்த இருமல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் கடிகாரச் சத்தம்போல அதுவும் ஒன்றாகிவிட்டிருந்தது.

வாசலில் நின்று புகையைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். "பாத்தியா, எண்ணெய்ய அள்ளி ஊத்துறான். என் ஷிப்ட்டுல இவ்ளோ கறுப்பு வராது லா." கேட்டுக் கேட்டு அக்காவும் கற்றுக்கொண்டாள். சமையலறையிலிருந்தே எட்டிப் பார்த்து, புகை கறுத்திருந்தால், "உங்க ஆளு இன்னிக்கி வேலைக்கு வரல போல," என்பாள்.

நாங்கள் புகார் கொடுக்கப் போன அரசாங்க அலுவலகத்தில், வீடுகளில் படிகிற கரி சாலைத் தூசியாக இருக்கலாம், அடுப்புப் புகையாக இருக்கலாம், என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஒரு கெஜம் வெள்ளைத் துணியைத் தொங்கவிடுவோம், கரி படிந்ததும் எடுத்து ஒன்றாகத் தைத்து, பொதுக்கூட்டத்தில் விரித்துக் காட்டுவோம் என்றார். துணி புதிதாக இருக்க வேண்டும், தண்ணீரே படாததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே அழுக்காக இருந்தது என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பது அவருடைய கணக்கு. சரியான கணக்குதான். இன்றைக்கும் அதில் ஒரு பிழை சொல்ல மாட்டேன்.

சீனத்து அக்கா மட்டும் துணியை வெட்டும்போது சீனர் வீடுகளுக்கான துண்டுகளின் ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டினார். வெறும் வெள்ளையை வாசலில் தொங்கவிட்டால் செத்த வீடு என்று நினைப்பார்களாம். "உங்க ஆளுங்களுக்கும் போடணுமா?" என்று மலாயில் என்னைக் கேட்டார். எங்கள் ஆட்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டே கல்யாணம் செய்கிறவர்கள், ஒன்றும் வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, தாமானுக்குப் போனேன். முதல் துணி அக்காவுக்குத்தான். வேண்டுமென்றே அப்படி வைத்துக்கொண்டேன். பாய்லர்க்காரர் வீட்டிலேயே துணி தொங்கினால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கம்பியில் அத்தானின் நீல யூனிபாரம், அவளுடைய ஆரஞ்சு நிறச் சேலை, பூப் போட்ட தலையணை உறைகள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. பிளாஸ்டிக் பையிலிருந்து துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கஞ்சி மொடமொடப்போடு, கடை வாசனையோடு இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்னா தம்பி, பொறந்த வீட்டுலேர்ந்து புது வெள்ளத் துணி கொண்டாந்திருக்கீங்க?"

அந்த நிமிடம்தான் எனக்கே உறைத்தது. புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரும். புதுத் துணி, தண்ணீர் படாதது, கூடப்பிறந்தவன் கையால் வரும். நான் கூடப்பிறந்தவன். புருஷன் உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஒரு கணம்தான். பிறகு சிரித்தாள். "நீங்க வேற சும்மா இருங்கக்கா. இது புகை புடிக்கிறதுக்கு," என்று சொல்லி, யூனிபாரத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத் துணியைத் தொங்கவிட்டு கிளிப் மாட்டினாள். அத்தான் கதவருகில் வந்து நின்று பார்த்தார். "தொங்கட்டும், தொங்கட்டும். நாம போடற புகை எப்படி இருக்குன்னு நாமளும் பாக்க வேணாமா? ஆனா மந்திரி, என் பேரு மட்டும் வெளியே வராம பாத்துக்க," என்றார். இருமினார்.

அன்று பன்னிரண்டு மணி வெயிலில் நான் மற்ற வீடுகளுக்கும் துணி கொடுத்தேன். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவின் பேச்சு எனக்கு முன்னாலேயே தெருவைச் சுற்றிவந்துவிட்டது. வாங்கியவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பேரும் பிறகு ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்களின் வரிசையில் கடைசி வரைக்கும் தொங்கியது அக்கா வீட்டில் மட்டும்தான். எடுத்துவிடு என்று நானே சொன்னேன். "ஏன், எடுத்தா புகை நின்னுருமா?" என்று கேட்டாள்.

துணி முதலில் சாம்பல் நிறமானது. பிறகு கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. மழை பெய்தபோது புள்ளிகள் கோடுகளாக இறங்கின. வாத்தியார் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். இதைவிட ஆதாரம் வேண்டுமா என்றார். அத்தான் அப்போது வீட்டுக்குள் படுத்திருந்தார். படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியதால் வேலைக்கு லீவு போட்டிருந்தார்.

பொதுக்கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. நெஞ்சில் சளி என்றார்கள், நுரையீரல் கெட்டுப்போயிருந்தது என்றார்கள், சிகரெட் குடிப்பாரா என்று கேட்டார்கள். அத்தான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. புகை என்கிற வார்த்தையை அவர்களாகச் சொல்வார்கள் என்று நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

ஊர் சொன்னது. ஆனால் ஊர் சொன்னது துணியை. உயிரோடு இருக்கிற மனுஷனின் வீட்டு வாசலில் கோடியைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டான், வேறு என்ன ஆகும் என்றார்கள். அத்தனை வருடம் தலைக்கு மேலே நின்ற புகைபோக்கியைப் பற்றி ஒரு வாய் திறக்கவில்லை. ஒரு கெஜம் துணி அவரைக் கொன்றுவிட்டதாம். அம்மாகூட மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "நீ படிச்சவன்தானே, ஒனக்குத் தெரிய வேணாமாடா?" என்று கேட்டாள். நான் கத்தினேன். கத்திவிட்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கத்தியதை எல்லாம் நானே நம்பினேனா என்பது எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கம்பியும், நீல யூனிபாரத்துக்குப் பக்கத்தில் ஆடுகிற வெள்ளையும்தான் வந்தன.

கருமாதி அன்று பெரியவர் ஒருவர், "பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? கொண்டா," என்றார். தாம்பாளத்தில் புதுச் சேலை இருந்தது. அதை எடுத்து அக்காவின் மேல் போட வேண்டியவன் நான். கை வரவில்லை. வீடு முழுக்க என்னைத்தான் பார்த்தது. அதே கஞ்சி வாசனை, அதே மொடமொடப்பு.

"தம்பி ஏற்கெனவே கொண்டாந்துட்டான்," என்றாள் அக்கா.

எழுந்து உள்ளே போனாள். கம்பியிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்த அந்தக் கறுத்த துணியைக் கொண்டுவந்து, தானே தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா அழத் தொடங்கினார். அக்கா என்னைச் சபிக்கிறாள் என்றே நான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? சாப்பிடாமல் கிளம்பி ஃபெர்ரிக்கு வந்துவிட்டேன். இனி இந்தக் குழுவும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம் என்று கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வாத்தியார் விடவில்லை. தாமானின் பொது மண்டபமான பாலாய் ராயாவில் பொதுக்கூட்டம் நடந்தது. அதிகாரிகள் சிலர், தொழிற்சாலையின் ஆள் ஒருவர், தாமான்வாசிகள் எல்லாம் வந்திருந்தார்கள். சீனர் வீட்டுத் துணிகளை ஒன்றாகத் தைத்து மேசைமேல் விரித்திருந்தோம். எங்கள் ஆட்கள் வீட்டுத் துணி ஒன்றுகூட அதில் இல்லை. மொழிபெயர்க்க என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். தொழிற்சாலை ஆள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, லாரிகள் போகிற சாலை அல்லவா, தூசி இருக்கத்தான் செய்யும் என்றார். அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

அப்போது பின்னாலிருந்து அக்கா வந்தாள். வெள்ளைச் சேலை. தோளில் அந்தக் கறுத்த துணி. வழி விட்டவர்களில் சிலர் அவள் மேல் படாமல் ஒதுங்கியது எனக்குத் தெரிந்தது. மேசையருகில் வந்து துணியை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே விரித்தாள்.

"இது ரோட்டுத் தூசி இல்லங்கய்யா. பாய்லர்ல எண்ணெ ஊத்துனது என் வீட்டுக்காரரு. அவரு போட்ட பொகை எனக்குத் தெரியும்."

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவள் என்னைக் கையால் நிறுத்திவிட்டு, திரும்பி, எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். அடுத்ததை அதிகாரிகளுக்குச் சொல்லவில்லை.

"என் தம்பி இத வெள்ளையாத்தான் கொண்டாந்தான்."

அதை எப்படி மலாயில் சொன்னேன், சொன்னேனா என்பதுகூட இப்போது நினைவில்லை. கன்னம் நனைந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அக்காவின் துணியைப் பரிசோதனைக்கு என்று வாங்கிப் போனார்கள். திருப்பித் தரவில்லை. நான் எத்தனையோ தடவை போய்க் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "துணி வந்துச்சா?" என்று அக்கா கேட்பாள். மந்திரி என்று கூப்பிட ஆள் இல்லாத அந்த வாசலில் செருப்பை ஓரமாகத் தள்ளிக்கொண்டே, இன்னும் இல்லை என்பேன். அவளை டத்தோ கிராமாட்டுக்கு வந்துவிடு என்று அம்மா கெஞ்சினாள். வர மறுத்துவிட்டாள். புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே அங்கேயே இருந்தாள்.

தொண்ணூறுகளில் ஒருநாள் தொழிற்சாலை எரிவாயுவுக்கு மாறியது. எங்களால்தான் என்று யாரும் சொல்லவில்லை. வாத்தியார் அதைப் பார்க்க இல்லை. சீனத்து அக்கா கேள்விப்பட்டு, தையல் கடை ஜன்னலைத் திறந்து வைத்தார். ஜெலுத்தோங்கில் நாற்றம் அப்படியேதான் இருந்தது.

அக்கா போன் செய்து உடனே வா என்றாள். பதறிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புகைபோக்கிக்கு மேலே ஒன்றுமே இல்லை. வெறும் வானம்.

"தொட்டுப் பாரு தம்பி. காலையில போட்டது. ஒரு பொட்டுக் கறுப்பு இல்ல."

தொட்டுப் பார்த்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை. கம்பி முழுக்க வெள்ளைச் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. வேறு நிறத்தில் ஒன்றுகூட இல்லை.