டீ ஒழுகாத தொண்டை

அண்ணனுக்குத் தொண்டையில் கேன்சர். குரல்வளையை எடுத்துக் கழுத்தில் மூச்சுக்கு ஓட்டை போட்டால் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் மூச்சு அடைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் சம்மதிக்கவில்லை. அவர் கட்டிட மேஸ்திரி. கீழே நின்று ஒரு சத்தம் போட்டால் மேல் மாடியில் கொத்தனார் கை நிற்கும். குரல் போன பிறகு என்ன பிழைப்பு என்றார். நாகர்கோவில் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், அங்கே போவோம் என்று ஒரே பிடிவாதம்.

அப்போதுதான் வார்டுக்கு ஒரு ஆள் வந்தார். வயதானவர். கழுத்தை மறைத்து ஒரு சின்னத் துணி கட்டியிருந்தார். அதன் மேல் விரலை அமுக்கினார். கரகரவென்று மலையாளம் கலந்த பேச்சு வந்தது.

“பேடிக்காண்டாம், பயம் வேண்டாம் அண்ணாச்சி. எனக்கும் இதே ஆப்பரேஷன்தான். பஸ்ல கண்டக்டரா இருந்தேன். இப்பவும் பேசறேன், கேட்டோ.”

எனக்குப் பிடிக்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்து பாதி ஆயுசு போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சும்மா அன்பு காட்டுகிறவனை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவன் பொடி விற்பான். ஒருவன் ரூம் பிடித்துத் தருவான். இவர் எதுவும் கேட்கவில்லை. அதனால் சந்தேகம் கூடியது.

“ஒம்ம யாரு அனுப்புனது?”

“நர்ஸ் விளிச்சா வருவேன்.”

ஆஸ்பத்திரி ஆள்தான். ஆப்பரேஷனுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று முடிவு பண்ணினேன்.

டீ குடிக்கலாம் என்று அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போனேன். மரியாதைக்கு அல்ல. குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் அங்கேதான் ஒழுகும். கட்டிட வேலையில் நான் கண்டது அது. கழுத்துத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிளாஸ் காலியானது. துணி நனையவில்லை.

வார்டுக்குத் திரும்பியதும் அவர் முன்னாலேயே சொன்னேன்.

“அண்ணே, ஆளு கள்ளன். ஒரு சொட்டு ஒழுகல. கழுத்துல ஓட்டையே கெடையாது.”

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினார். அண்ணன் பெண்சாதி, என் மைனி, அழுதுகொண்டே துணிகளைப் பையில் திணித்தார்.

அந்த ஆள் கோபப்படவில்லை. சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. கை வாய்க்குப் போகவில்லை, கழுத்துக்குப் போனது. துணி படபடவென்று தூக்கி அடித்தது. நடிக்கிறவனுக்கு அந்த அவசரத்தில் கை வாய்க்குத்தான் போகும்.

துணியை விலக்கினார். ஓட்டை இருந்தது. அண்ணன் கையைப் பிடித்து அதன் முன்னால் வைத்தார். அண்ணன் கையை எடுக்காமல் நின்றார்.

“சூடா வருதுலே மூச்சு,” என்றார்.

அந்த ஆள் மறுபடி விரலை அமுக்கினார். “ரெண்டும் வேற வேற லைன் ஆக்கிடுவாங்க. வாய் வயித்துக்கு. கழுத்து மூச்சுக்கு. பேசறதுக்கு நடுவில ஒரு சின்ன வால்வு. மேஸ்திரிமாருக்கு இதை நான் சொல்லித் தரணுமா?”

“சத்தம் போட முடியுமா?” என்று அண்ணன் கேட்டார்.

“முடியாது.”

“கொஞ்சங்கூடவா?”

“இல்ல. ஆத்துல முங்கவும் கூடாது. வீட்டுக்காரிகிட்ட வாய் வழக்குக்கு நின்னா அவதான் ஜெயிப்பா.”

விற்க வந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். “அப்ப சாரத்துல நிக்கிறவன யாருலே ஏசுவா?”

“நான் ஏசுதேன்.”

“நீயா? ஒனக்கு வாய் இருக்கதே சோறு திங்கும்போதுதாம்லே தெரியும்.”

மைனி அழுகையோடு சிரித்துவிட்டார். அண்ணன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சம்மதம் என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னார்.

அந்த ஆள் கிளம்பும்போது வீடு எங்கே என்று கேட்டேன்.

“கரமனை. எதுக்கு? ஏதாவது ஆனா வந்து அடிக்கவா?”

“ஆமா.”

பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு கேட்டின் நிறம் வரை வழி சொன்னார். நான் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஆப்பரேஷன் அன்றைக்கும் வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்து போய்விடாதபடி நான் ஒட்டி உட்கார்ந்தேன். டாக்டர் வந்து நல்லபடி முடிந்தது என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.